குண்டு ரூமுக்கு இருபது சீட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாழைப்பழத்தோடு கிடைத்தது. உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பசித்தது. சடையப்பன் என்பவர் கடையில் பூவன் பழம் வாங்கினேன். உரித்ததும் வைக்கோல் புகையின் வாசனை வந்தது. அவரிடம் சொன்னேன். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"குண்டு ரூம் பளம் சார். அப்படித்தான் இருக்கும்."

யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து கட்டிய அறை ஒன்று ஏரிக்கரையில் இருப்பதாகவும், தாயாரம்மாள் என்ற பெண் அதில் வாழைத்தார்களை அடுக்கிப் புகை போட்டுப் பழுக்க வைப்பதாகவும், ஊருக்கே பழம் அங்கிருந்துதான் வருவதாகவும் சொன்னார். பஸ் வருவதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாதி மண்ணுக்குள் புதைந்த காங்கிரீட் அறை. அதன் சுவரில் சாய்த்துக் கட்டிய ஓலைக் குடிசை. குடிசை வாசலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி தாரிலிருந்து சீப்பு அறுத்துக்கொண்டிருந்தாள். சில்லறைக்குக் கொடுப்பதில்லை என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

இது அறுபத்து நான்காம் வருஷம்.

(கூர்மையான வாசகர் இங்கேயே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்: பழம் கிடைத்தது என்றால் அறை அவளிடம்தான் இருந்தது, ஆகவே கதை சுபம். அவசரம் வேண்டாம். கதை நடப்பது அடுத்த வருஷம்.)

2

தொடங்கிப் பார்த்தவை:

"நாற்பத்திரண்டாம் வருஷம் சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு" — இது சரித்திரப் பாடம். கடைசியில் கேள்வித்தாள் கொடுக்க வேண்டியிருக்கும்.

"ஏரிக்கரையில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் அறை இருந்தது." — கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏரிக்கரை புறம்போக்கு. புறம்போக்கு சர்க்காருக்குச் சொந்தம். யாருக்கும் சொந்தமில்லாத இடம் கதைகளில்தான் இருக்கிறது.

"தாயாரம்மாள் புகை மூட்டிவிட்டு வெளியே வந்தபோது வானத்தில்" — வானத்தில் ஒன்றும் இல்லை. கடைசி வரை ஒன்றும் வரப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். குண்டு விழும் என்று நம்பிப் படிப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. கதையே அதனால்தான்.

3

அந்த அறை பட்டணத்தில் இருக்க வேண்டியது. பயந்தது பட்டணம். பட்டணத்து அறை ஒன்றைப் பிடித்து எழுதியிருந்தால் கதைக்கும் ஒரு கௌரவம் வந்திருக்கும். ஆனால் அங்கே வெட்டிய குழிகளை யுத்தம் முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள் என்கிறார்கள். உத்திரமேரூரில் மூட ஆளில்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியானபோது இரும்பு வியாபாரி ஒருவர் இங்கே வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பத்தோடு வந்தார். பயத்தைப் பட்டணத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். கூடவே கொண்டுவந்தார். கம்பியும் சிமெண்டும் யாருக்கும் கிடைக்காத காலம். அவரிடம் இரண்டும் இருந்தன. வீட்டுக்காரர் கொல்லையைத் தோண்ட விடவில்லை. ஆகவே ஏரிக்கரை. இருபது பேர் உட்காரும் அளவு. கனத்த கூரை. மேலே இரண்டு காற்றுத் துளை. வெளியே குண்டு வெடித்தால் அதன் வேகம் நேராக உள்ளே பாயாதபடி நடைவழியை ஒரு மடக்கு மடக்கிக் கட்டினார்கள்.

காங்கிரீட் காய்வதற்குள் பட்டணத்துக்கு ஆபத்தில்லை என்று செய்தி வந்தது. வியாபாரி திரும்பிப் போனார். சுவருக்குத் தண்ணீர் தெளிக்க வைத்த ஆளிடம் சொல்ல மறந்துவிட்டார். அவன் பாட்டுக்குத் தெளித்துக்கொண்டிருந்தான். கட்டடம் இவ்வளவு உறுதியாக நிற்பதற்கு அதுதான் காரணம் என்று சடையப்பன் சொன்னார்.

பிறகு அதற்குப் பல உபயோகங்கள் யோசிக்கப்பட்டன. முதல் தேர்தலின்போது ஓட்டுப் பெட்டிகளை வைக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் தேளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்புறம் சைக்கிள் ரிப்பேர் செய்யும் தானியேல் அங்கே படுக்க ஆரம்பித்தான். வீடில்லாதவன். தேள்களோடு எப்படியோ ஒத்துப்போனான்.

தாயாரம்மாள் அந்த நடைவழி மடக்கைப் பார்த்தாள். உள்ளே வரும் வேகத்தைத் தடுப்பதற்காகக் கட்டியது உள்ளே இருக்கும் புகையையும் வெளியே விடாது என்று அவளுக்குத் தோன்றியது. பழம் பழுக்க அதுதான் வேண்டும். திருமுக்கூடல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வண்டியில் தார் இறக்கிக் குழி தோண்டிப் பழுக்க வைத்துக்கொண்டிருந்தவள் அவள். மழைக்குக் குழி ஆகாது. தானியேலிடம் இடத்தைக் கேட்டாள். இது உன் அப்பன் கட்டினதா என்று அவன் கேட்டான். இரண்டு காற்றுத் துளைகளையும் சாணி உருண்டையால் அடைத்துவிட்டு, மடக்கில் வைக்கோலைப் பற்ற வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். தானியேல் இருமிக்கொண்டே பாயோடு வெளியே வந்தான். மறுநாள் உள்ளே தார்கள் இருந்தன.

தாயாரம்மாளை நல்லவளாக எழுத உத்தேசித்திருந்தேன். சடையப்பன் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

4

அறுபத்தைந்து புரட்டாசியில் மறுபடியும் அந்த ஊர் வழியாகப் போனேன். அதே கடையில் பழம் வாங்கினேன். புகை வாசனை இல்லை. கேட்டதற்கு, இது காஞ்சிபுரத்து மண்டிப் பழம் என்றார் சடையப்பன். சொல்லும்போது முகம் சரியாக இல்லை. மீதிக் கதை அன்று சொன்னதுதான்.

நான் வருவதற்குச் சில வாரம் முன்பு வடக்கே யுத்தம் தொடங்கியிருந்தது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பட்டணத்தில் விளக்குகளை மறைக்கிறார்கள் என்று கேட்டதும் பஞ்சாயத்து பிரசிடென்டு வேதாசலத்துக்கு ஏரிக்கரை அறை ஞாபகம் வந்தது. நிலபுலன் உள்ளவர், பெரிய குடும்பம். பொது இடம் பொது ஜனத்துக்கே என்று முடிவெடுத்துத் தாயாரம்மாளிடம் போனார்.

உள்ளே ஆயுத பூஜைக்கான தார்கள். வருஷத்தில் அவள் பிழைப்பு பாதி அந்த ஒரு பூஜையில் இருந்தது. அப்போதுதான் அடுக்கி முடித்திருந்தாள். புகை இன்னும் போடவில்லை.

பூஜை முடியும் வரை பொறுக்கச் சொன்னாள். வேதாசலம் யுத்தம் பொறுக்காது என்றார்.

"போடறவன் பூஜை வரிக்கும் தாங்கமாட்டானா பிரசிடென்டு? அவனுக்கு இந்த உத்தரமேரூருதான் குறியா?"

"உன்னக் கேட்டுக்கினு போடுவானா அவன்?"

"எனக்கின்னா தெரியும். பத்து வருசமா உள்ள கீறேன். ஒருத்தனும் ஒண்ணும் போடல."

தார்களை வெளியே எடுத்துக் குடிசைக்குள் அடுக்கினார்கள். ஓலைக் குடிசையில் புகை நிற்காது. தார்கள் பச்சையாகவே இருந்தன.

(சடையப்பன் சொன்னது: "பச்சையா பூஜைக்கு வாங்குவாங்களா சார்? கறி பண்ணித்தான் துண்ணணும்.")

5

உத்திரமேரூர் என்றால் கல்வெட்டு. குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சோழர் காலத்தில் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது. உத்திரமேரூரைப் பற்றி எழுதுகிற யாரும் அதை விடுவதில்லை. நான் விட்டுவிடுவதாக இருந்தேன்.*

* முடியவில்லை. கதையை நடத்துகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

அறையில் இருபது பேருக்குத்தான் இடம். ஊரில் ஆயிரக்கணக்கில் ஜனம். யார் உள்ளே போவது என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. பேச்சு சண்டையானது. அப்போது ஸ்வாமிநாதன் எழுந்தார்.

ஸ்வாமிநாதன் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். கல்வெட்டு அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டுவார். யாரிடமும் காலணா வாங்கியதில்லை. இப்படி ஒரு ஊரில் பிறந்துவிட்டு முறை தெரியாமல் கத்துகிறோமே என்று அவர் சொன்னார். கூட்டம் அடங்கியது. எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. சீட்டுக் குலுக்குவது, கல்லில் உள்ள விதிப்படியே குலுக்குவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

பிறகு விதிகளைப் படித்தார்.

வேதம் கற்றவனாக இருக்க வேண்டும். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. காலம் மாறிவிட்டது என்று வேதாசலம் சொன்னார். அது எடுபட்டது. முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. அப்படியானால் பிள்ளைகுட்டிகள் வெளியே நிற்பதா என்று ஒருவர் கேட்டார். அதுவும் போயிற்று. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் ஆகாது. வேதாசலம் இருமினார். இந்த விதியை விடக் கூடாது என்று ஸ்வாமிநாதன் நெடுநேரம் வாதாடினார். இருமல் நிற்கவில்லை. ஸ்வாமிநாதன் ஓய்ந்தார்; அந்த விதியும் போயிற்று.

வரி கொடுக்கும் நிலம். கூலிக்காரர்கள் இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். போயிற்று.

சொந்த மனையில் கட்டிய வீடு. அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் வீடு இருந்தது. தானியேலுக்குக்கூட இப்போது கடைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஓட்டு வீடு. இந்த விதி நிற்கட்டும் என்றார்கள்.

இன்னொன்றும் நின்றது. சீட்டு விழுந்தவருக்கு உரிமை ஒரு வருஷம். அதுவரை மாற்றமில்லை. யுத்தம் எத்தனை நாள் நடக்குமோ என்று நினைத்து எல்லோரும் சம்மதித்தார்கள்.

தாயாரம்மாள் கூட்டத்தில் இல்லை. தார்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அறையைத்தான் விட்டேனே, எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள் என்று மறுநாள் வந்து கேட்டாள். அவள் குடிசை நிற்பது புறம்போக்கில். சாய்ந்திருப்பதோ குண்டு ரூமின் சுவரில். விதிப்படி அவளுக்குச் சீட்டு இல்லை என்று ஸ்வாமிநாதன் வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானதுதான் என்கிறார் சடையப்பன்.

6

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்வாமிநாதனை எழுதுவது மிகவும் எளிதாக இருக்கிறது. கல்லைக் கட்டிக்கொண்டு அழும் வாத்தியார். இரண்டு வரியில் ஆளைக் கோமாளியாக்கிவிடலாம். ஆக்கியும் பார்த்தேன்:

"ஸ்வாமிநாதன் தூங்கும்போதும் கல்வெட்டையே" — அடித்துவிட்டேன். அவர் தூங்குவதை நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் தனக்கு வசதியாக எதையும் விடச் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். எனக்கு இது இடைஞ்சல். ஆனாலும் எழுதிவிட்டேன்.

சீட்டு எடுக்கும் நாள் வந்தது. குடத்துக்கு அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். அவர் மனைவி அலர்மேல்மங்கை பித்தளைக் குடத்தைத் தர மறுத்துவிட்டாள். அது பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கிற குடம்; ஊரார் பேரையெல்லாம் போட்டுக் குலுக்குவதற்கில்லை. கடைசியில் ஒரு மண்பானை கிடைத்தது.

அடுத்த சிக்கல் எடுப்பவர். எழுத்தறியாத பாலன் ஒருவன் எடுக்க வேண்டும் என்பது முறை. படிக்கத் தெரிந்தவன் எடுத்தால் பார்த்து எடுத்துவிடுவான். தெருவில் விளையாடிய பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். எல்லாம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். மதிய உணவு வந்ததிலிருந்து போகாத பிள்ளை இல்லை. ஒவ்வொன்றும் தன் பெயரை எழுதிக் காட்டியது. வாத்தியாராக அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அப்போது யாரோ, தாயாரம்மாளுக்குப் படிக்கத் தெரியாதே என்றார்கள்.

பாலன் என்று அல்லவா இருக்கிறது என்றார் வேதாசலம். முக்கியம் வயதல்ல, அறியாமைதான் என்று ஸ்வாமிநாதன் யோசித்துச் சொன்னார். ஆள் அனுப்பினார்கள். கை முழுக்க வாழைக் கறையோடு அவள் வந்தாள். விஷயத்தைச் சொன்னார்கள்.

"எனுக்கு சீட்டு கெடையாது. ஆனா எல்லாருக்கும் நான்தான் எடுத்துக் குடுக்கணும்."

"ஆமா."

"கல்லுலயே அப்படித்தான் கீதா?"

"கிட்டத்தட்ட" என்றார் ஸ்வாமிநாதன்.

அவள் சிரித்ததாகச் சடையப்பன் சொன்னார். கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்தாளாம்.

(இந்த இடத்தில் அவளை ஏமாற்ற வைக்கலாமா என்று பார்த்தேன். பானைக்குள் விரல்களால் தடவித் தனக்கு வேண்டியவர்களின் சீட்டுகளாக எடுக்கிறாள் என்று. ஒரு பக்கம் எழுதினேன். ஓலையை எப்படித் தடவினாலும் பெயர் தெரியாது. அவள் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். ஒவ்வொன்றையும் ஸ்வாமிநாதன் வாங்கி உரக்கப் படித்தார்.)

இருபது பெயர்களில் தானியேல் இருந்தான். ஸ்வாமிநாதன் இருந்தார், தன் பெயரைத் தானே படிக்கும்போது குரல் தாழ்ந்தது. வேதாசலமோ அவர் குடும்பத்தில் ஒருவரோ இல்லை. குண்டு ரூமின் கூரையில் விரிசல் இருப்பதாக வேதாசலம் அன்று சாயங்காலமே சொல்ல ஆரம்பித்தார்.

7

யுத்தம் நின்றுவிட்டது.

இதைவிட மோசமான திருப்பத்தை நான் கதைக்காகக் கற்பனை செய்திருக்க மாட்டேன். சீட்டு எடுத்த சில நாளில் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இருபது பேரில் ஒருவரும் அதுவரை உள்ளே போய் உட்காரவில்லை.

ஆயுத பூஜைக்கு இன்னும் சில நாள் இருந்தது. உடனே புகை போட்டால் பழுத்துவிடும். தாயாரம்மாள் பிரசிடென்டு வீட்டுக்குப் போனாள். வேதாசலத்துக்கு இப்போது அந்த அறைமேல் ஆசை எதுவும் இல்லை. எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பார். ஆனால் சீட்டு விழுந்தவர்களில் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். உரிமை ஒரு வருஷம் என்று நினைவூட்டினார்கள். யுத்தம் திரும்ப வராது என்று யார் சொல்வது?

வேதாசலம் நியாயமாக ஒரு வழி சொன்னார். இருபது பேரும் வாயால் ஒத்துக்கொள்ளட்டும். ஒருத்தர் முடியாதென்றாலும் முடியாது.

"பூஜைக்குள்ள இருபது வூடா? பேஜாராப் போச்சே" என்றாளாம் அவள். கிளம்பிவிட்டாள்.

நான் எதிர்பார்க்காத விஷயம், சீட்டு விழுந்தவர்கள் அதற்குள் எவ்வளவு பழகிப்போயிருந்தார்கள் என்பது. குண்டு ரூமில் இடமுள்ள குடும்பம் என்று ஒரு வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். இன்னொருவர் டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோய்த் தன் மூலையில் வைத்திருந்தார். ஒரு அம்மாள் அங்கே மத்தியானத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். போய்ப் பார்க்காமலே சொன்னாள். தாயாரம்மாள் ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். முதலில் பழுக்கும் சீப்பு உங்களுக்கு என்றாள். ஒரு இடத்தில் அழுதாள். ஒரு இடத்தில், உள்ளே தேள் எந்தெந்த மூலையில் குடியிருக்கிறது என்று விவரமாகச் சொன்னாள். டிரங்குப் பெட்டிக்காரர் அன்றே பெட்டியை எடுத்துவிட்டார்.

தானியேலிடம் அவள் போவதைப் பெரிய காட்சியாக வைத்திருந்தேன். புகை போட்டு விரட்டப்பட்டவனிடம் விரட்டியவள் வந்து நிற்கிறாள். அவனுக்காக நல்ல கோபம் ஒன்றும், மூன்று வாக்கியங்களும் தயாராக வைத்திருந்தேன். அவன் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"எடுத்துக்க ஆயி. அதுக்குள்ள மனுசன் படுப்பானா?"

அவ்வளவுதான். இரண்டு நாளில் பத்தொன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள்.

8

மிச்சம் இருந்தவர் ஸ்வாமிநாதன்.

சடையப்பன் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இன்னும் ஆவல சார். இப்பதான் அந்தம்மா வாத்தியார் வூட்டாண்ட போயிக்கீது. இன்னிக்குப் புகை போட்டாத்தான் உண்டு. நாளைக்குப் போட்டு இன்னா பிரயோஜனம்?"

எனக்குக் கதை தெரிந்தது இவ்வளவுதான், ஏனென்றால் நடந்தது அவ்வளவுதான். காஞ்சிபுரம் பஸ் வந்தது. ஏறினேன். சடையப்பன் கை காட்டியிருந்த வாத்தியார் தெருவின் முனையைத் தாண்டி பஸ் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் தாயாரம்மாள் நின்றிருந்தாள். படியேறவில்லை. வாசற்கதவுக்குள் மேல்துண்டோடு ஸ்வாமிநாதன் நின்றிருந்தார். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒருவர் பேசி முடித்து மற்றவர் இன்னும் தொடங்காத நேரமாக இருக்கலாம். இந்தக் கதையில் வரும் சம்பவங்களில் நான் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்.

அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை. கீழே உள்ளது நான் எழுதியது. இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மன்னிக்கலாம்.

"சாமி, நீங்க உள்ள வந்து உக்காரப் போறீங்களா?"

"மாட்டேன்."

"ஊட்டம்மா வருவாங்களா?"

"அவளும் வரமாட்டா."

"அப்புறம் இன்னா சாமி? எடுத்துக்கோன்னு ஒரு வார்த்த."

"எனக்கு அந்த இடம் வேண்டாம், தாயாரம்மா. அதுக்காக இல்லை." அவர் துண்டைச் சரிசெய்துகொள்கிறார். "நீ அன்னிக்குக் கூட்டத்துலே இல்லை. ஒவ்வொரு விதியா விட்டுண்டே வந்தோம். அவாவாளுக்கு எது இடிச்சுதோ அதை விட்டோம். நான் கத்தினேன், கேக்கலை. ஒரு வருஷம்னு இருக்கே, அது ஒண்ணுதான் இப்போ நிக்கறது. அதையும் நானே என் வாயாலே விட்டுட்டா, அப்புறம் அந்தச் சுவர்கிட்டே எவனைக் கூட்டிண்டு போய் என்னத்தைக் காட்டறது?"

"எனுக்கு அந்த ஒண்ணுதான் சாமி குறுக்க நிக்குது."



9

இதற்குமேல் எழுதிப் பார்த்தவை:

அ. ஸ்வாமிநாதன் சம்மதிக்கிறார். அவள் ஓடுகிறாள். சாயங்காலம் ஏரிக்கரையில் புகை எழுகிறது. ஊருக்குப் பூஜைக்குப் பழம் கிடைக்கிறது. இதை எழுதியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. மறுநாள் படித்தேன். ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவருக்கு இடித்ததால் போயிற்று. கடைசி விதி ஒருத்தி அழுததால் போயிற்று. அன்று இருமியவருக்கும் தனக்கும் இனி என்ன வித்தியாசம் என்று ஸ்வாமிநாதன் என்னைக் கேட்டார். அவள் கேட்டது நியாயம், இருமியவர் கேட்டது சலுகை என்று சொல்லிப் பார்த்தேன். அது கல்லில் எங்கே இருக்கிறது என்றார்.

ஆ. மறுக்கிறார். கதவு சாத்தப்படுகிறது. பூட்டிய அறை ஒரு வருஷம் காலியாகக் கிடக்கிறது. குடிசையில் தார்கள் வெம்பிக் கறுக்கின்றன. தாயாரம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் போகிறாள். பத்திரிகைக்காரர்கள் இதை ஆழமானது என்பார்கள். அவள் எதிரில் நின்று இதை என்னால் வாய்விட்டுப் படிக்க முடியாது.

இ. உள்ளேயிருந்து அலர்மேல்மங்கை வருகிறாள். சீட்டு எங்காத்துக்குத்தானே விழுந்தது, நான் தருகிறேன் என்கிறாள். குடம் தர மறுத்தவள் மனம் மாறுகிறாள். எல்லோருக்கும் பிடிக்கும். அலர்மேல்மங்கைக்குப் பிடிக்காது. அவள் வெளியே வரவே மறுத்துவிட்டாள்.

ஈ. ஸ்வாமிநாதன் சட்டென்று கல்வெட்டில் இதுவரை யாரும் கவனிக்காத ஒரு வரியை நினைவுகூர்ந்து

இல்லை. அப்படி ஒரு வரி கிடையாது. எழுதிச் சேர்த்துவிட என்னால் முடியும். அவரால் முடியாது. அதனால் என்னாலும் முடியாது.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போய் விசாரித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான்கு வருஷமாகச் சொல்கிறார். போகலாம். போனால் அவர் என்ன செய்தார் என்று தெரிந்துவிடும். என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரியாது. அது தெரியாமல் மற்றதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

ஆகவே இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இருபதாவது சீட்டு உங்களுடையது. அந்த இடம் உங்களுக்கும் வேண்டாம். வேண்டாததை விட்டுக்கொடுப்பதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று எதிரில் நிற்பவள் நினைக்கிறாள். நஷ்டம் இருக்கிறது. அவளுடையதைவிடப் பெரியதா என்று உங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யோசிக்க ஒரு நாள் கேட்கலாம். கேட்டால் அதுவே பதில் ஆகிவிடும். நாளைக்குப் புகை போட்டுப் பயனில்லை.

அவள் தெருவில் நிற்கிறாள். நீங்கள் கதவுக்குள் நிற்கிறீர்கள்.

பதிலை அவளிடம் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். நான் எழுதிவிடுவேன்.